வாப்பாவின் மொரிஸ் மைனரும் மருமகனின் மின்சார மோட்டாரும்

பழைய காருக்குள் மின்சார மோட்டாரைப் பூட்டி ஓட்டலாமா? ஓட்டலாம். அதில் இலாபம் இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடத்தான் கடந்த சில மாதங்களாக நான் மன்னாருக்கும் கீரிக்கும் இடையே அலைந்து திரிந்தேன். அலைந்ததில் கொஞ்சம் பணமும் போனது. என்னுடைய பணம் போன வழியில் உங்களுடைய பணமும் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மன்னார் நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் சாதாரண வியாபாரி நான். என் ராத்தாவின் மகன் கொழும்பில் ஆறு வருடம் ஹைபிரிட் கார்களுக்கும் மின்சாரக் கார்களுக்கும் வயரிங் வேலை செய்தவன். ஒருநாள் கடைக்கு வந்து, "மாமா, கீரியில நிக்கிற மூத்தவாப்பாட மொரிஸ எனக்குத் தாங்க. எஞ்சினக் கழட்டிப்போட்டு மோட்டார் பூட்டிக் காட்டுறன். அதப் பாத்தே ஆக்கள் கராஜுக்கு வருவாங்க" என்றான். காரோடு, கராஜ் ஆரம்பிக்க 25 இலட்சம் ரூபா பங்கும் வேண்டும் என்றான்.

25 இலட்சம் என்பது என் கடையின் இரண்டு மாதக் கொள்முதல். உடனே ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கீரியில் நின்ற கார்

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது 1964ஆம் ஆண்டு மொடல், நான்கு கதவு, 1098 சீசீ மொரிஸ் மைனர். வாப்பா அதில்தான் சாமான் ஏற்றினார், எங்களைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய் விட்டார். 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் கடல் வழியாகக் கல்பிட்டிக்குப் போனோம். காரை வள்ளத்தில் ஏற்ற முடியுமா? கீரியில் இருந்த வாப்பாவின் கூட்டாளியான சம்மாட்டியாரின் கொட்டிலில் அதை விட்டுவிட்டுப் போனோம். சம்மாட்டியார் கிறிஸ்தவர். பின்னர் அவர்களும் இடம்பெயர்ந்து திரும்பினார்கள். யுத்தம் முடிந்து நாங்கள் வந்து பார்த்தபோது, சில்லுகள் இல்லாமல் நான்கு கல்லுகளின் மேல் கார் இருந்தது. வாப்பா அதைப் பார்க்காமலேயே புத்தளத்தில் வபாத்தாகிவிட்டார்.

உப்புக் காற்றில் கீழ்த் தகடு துருவேறி, எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஆனால் உடம்பு கெட்டியாக இருந்தது. பதிவுப் புத்தகத்தை உம்மா உடுதுணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்தப் புத்தகத்தின் அருமை எனக்கு இப்போதுதான் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

எரிபொருளை மாற்றுவது நம் வடக்குக்குப் புதிய கதை அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கத்துக்குச் சமம். அப்போது அங்கே ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை மண்டினாலும் வண்டி போகும். அந்தக் கால எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது. இன்றைய கார்களில் அப்படிச் செய்ய முடியாது.

மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள். அதை வடிவமைத்த அலெக் இசிகொனிஸ் பின்னர் மினி காரையும் வடிவமைத்தார். மூடி மறைத்த பாகம் எதுவும் இல்லாத எளிய கார் என்பதால் இலங்கையில் அதன் ஆயுள் நீண்டது. 1990களில் டியூரபிள் கார் கம்பனி என்ற நிறுவனம் இலங்கையிலேயே மொரிஸ் மைனர் உதிரிப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தது. காரைக் கண்டுபிடித்த நாட்டுக்கே நாம் அதன் தகடுகளை விற்றோம்! பழைய காரில் வியாபாரம் இல்லை என்று யார் சொன்னது?

உலகம் என்ன செய்கிறது?

2018 மே மாதம் பிரித்தானிய இளவரசர் ஹரியின் திருமண தினத்தன்று புதுமணத் தம்பதியர் மாலை விருந்துக்குச் சென்ற கார் 1968ஆம் ஆண்டு ஜகுவார் ஈ-டைப். அதன் எஞ்சின் கழற்றப்பட்டு மின்சார மோட்டார் பூட்டப்பட்டிருந்தது. உலகத் தொலைக்காட்சிகள் அதைக் காட்டின. லண்டன் எலெக்ட்ரிக் கார்ஸ் என்ற நிறுவனம், விபத்தில் சிக்கிய நிசான் லீப் கார்களின் மோட்டாரையும் பற்றரியையும் எடுத்துப் பழைய கார்களுக்குப் பூட்டுகிறது. இந்தியாவில் டில்லி அரசு, 10 வருடம் கடந்த டீசல் கார்களை மின்சாரத்துக்கு மாற்றி ஓட்டலாம் என 2021 இறுதியில் வழி திறந்தது. ஆனால் பூட்டப்படும் கருவிகள் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை.

இலங்கையில் நம்மை யோசிக்க வைத்தது 2022. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. பணம் இருந்தும் பெற்றோல் இல்லை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தது. அந்த முறை 2023 செப்டெம்பர் முதலாம் திகதிதான் நீக்கப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வண்டி வாங்க முடியாது, பழைய வண்டிக்குப் பெற்றோல் கிடைக்காது என்றிருந்த நாட்களில்தான் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் இங்கே பெற்றோல் முச்சக்கரவண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடி வேலையை ஆரம்பித்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

மருமகன் எனக்குச் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், பெற்றோல் தாங்கி எல்லாம் கழற்றப்படும். கியர் பொக்ஸை வைத்துக்கொள்ளலாம். மோட்டாரையும் கியர் பொக்ஸையும் பொருத்த லேத்தில் ஒரு தட்டுக் கடைந்தெடுக்க வேண்டும். நூலளவு பிசகினாலும் பெயாரிங் அரைபடும். பிறகு மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கொன்ட்ரோலர், பற்றரி, பற்றரியின் ஒவ்வொரு செல்லையும் காவல் காக்கும் கருவி, சார்ஜர், லைட்டுக்கும் ஹோனுக்கும் 12 வோல்ட் தரும் கருவி ஆகியவை வேண்டும்.

பழைய மொரிஸில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் கார் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் முனை. இது தெரியாமல் புதிய கருவியைப் பூட்டினால் அது அந்த இடத்திலேயே எரிந்துவிடும். இன்னொரு விடயம், லீப் பற்றரியின் மின்னழுத்தம் சுமார் 360 வோல்ட். அது வீட்டு மின்சாரத்தைவிட ஆபத்தான டீ.சி. மின்சாரம். பயிற்சியும் இறப்பர் கையுறையும் இல்லாதவர் அதைத் திறக்கவே கூடாது. கடலோரத்தில் உப்பு ஈரம் ஒவ்வொரு இணைப்பையும் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் விட்ட பிழை

நிசான் லீப் கார்கள் 2014, 2015 காலப்பகுதியில் வரி குறைவாக இருந்ததால் நம் நாட்டுக்குக் கணிசமாக வந்தன. அவற்றில் பல இன்று பற்றரி தளர்ந்து நிற்கின்றன. முதல் தலைமுறை லீப்பின் பற்றரி புதிதில் 24 யூனிட் மின்சாரம் கொள்ளும். 48 பெட்டிகள், பெட்டி ஒன்று ஏறத்தாழ 3.8 கிலோ. அதைக் குளிர வைக்கத் தனி ஏற்பாடு கிடையாது. ஆகவே நம் வெயிலில் அதன் ஆயுள் குறுகுகிறது.

மருமகன் "பொறுங்க மாமா, அளந்துபோட்டு வாங்குவம்" என்றான். நான்தான் அவசரப்பட்டேன். பழைய வாகனங்களை உடைத்து விற்கும் ஒருவரிடம் தெரிந்தவர் மூலம் பேசி, 4 இலட்சம் ரூபாவுக்கு ஒரு பற்றரியை வாங்கி லொறியில் ஏற்றி வந்துவிட்டேன். 70 சதவீதம் நல்ல நிலை என்றார் விற்றவர். ஹாட்வெயாரில் ஒவ்வொரு கம்பியையும் அளந்து வாங்கும் நான், இதை வாய்ப் பேச்சில் வாங்கினேன்! மருமகன் இரண்டு நாள் சார்ஜ் ஏற்றி, இறக்கி, அளந்து பார்த்தான். 45 சதவீதம். அதாவது 24 யூனிட்டில் சுமார் 11 யூனிட்தான் மிச்சம்.

மொரிஸ் 100 கிலோ மீற்றர் ஓட சுமார் 15 யூனிட் வேண்டும் என்று வைத்தால், 11 யூனிட்டில் 70 கிலோ மீற்றர். முழுவதும் வடியவிடக் கூடாது என்பதால் கையில் நிற்பது 60. மன்னாரிலிருந்து தலைமன்னார் போய்த் திரும்பவே ஏறத்தாழ 60 கிலோ மீற்றர். எதிர்க்காற்று அடித்தால் வழியில் கழுதைகளோடு நாமும் நிற்க வேண்டியதுதான்.

கொப்பியும் பேனாவும்

அன்றிரவு கடைக் கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். கணக்குக்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, மின்சாரம் யூனிட் 50 ரூபா என எடுத்துக்கொண்டேன். இந்த விலைகள் ஏறும், இறங்கும். நீங்கள் உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

மொரிஸ் ஒரு லீற்றருக்கு 12 கிலோ மீற்றர் ஓடினால் கிலோ மீற்றருக்கு 25 ரூபா. மின்சாரத்தில், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோ மீற்றருக்கு 18 யூனிட், அதாவது கிலோ மீற்றருக்கு 9 ரூபா. மிச்சம் 16 ரூபா. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் நாளொன்றுக்கு ஓடுவது 15 கிலோ மீற்றர். வருடத்துக்கு 300 நாள் என்றால் 4,500 கிலோ மீற்றர். மிச்சம் 72,000 ரூபா.

நல்ல பற்றரியோடு முழு வேலைக்கும் மருமகன் போட்ட மதிப்பீடு 15 இலட்சம். பழைய எஞ்சினைத் திறந்து திருத்த கராஜ் பாஸ் கேட்டது மூன்றரை இலட்சம். வித்தியாசம் பதினொன்றரை இலட்சம். அதை 72,000இனால் பிரித்தால் 16 வருடம்! அதற்குள் பற்றரியை மாற்ற வேண்டி வரும்.

அடுத்து முச்சக்கரவண்டி. லீற்றருக்கு 25 கிலோ மீற்றர் என்றால் கிலோ மீற்றருக்கு 12 ரூபா. மின்சாரத்தில் 100 கிலோ மீற்றருக்கு 7 யூனிட், அதாவது மூன்றரை ரூபா. மிச்சம் எட்டரை ரூபா. வாடகைக்கு நாளொன்றுக்கு 100 கிலோ மீற்றர் ஓடுபவருக்கு வருடத்தில் 2 இலட்சத்து 55 ஆயிரம் ரூபா மிஞ்சும். மாற்றும் செலவு 7 இலட்சம் என்றால் மூன்று வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். ஆனால் அதே வண்டி எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றுவது போல் நாளுக்கு 40 கிலோ மீற்றர் மட்டும் ஓடினால்? ஏழு வருடம்.

நண்பர்களே, இதில் ஒரு பாடம் இருக்கிறது. மிச்சம் வண்டியில் இல்லை, ஓடும் தூரத்தில் இருக்கிறது. அதிகம் ஓடும் வண்டிக்கே மின்சார மோட்டார் சம்பாதித்துக் கொடுக்கும். நிற்கும் வண்டிக்கு அது வெறும் அலங்காரம். பழைய கார் என்பது பெரும்பாலும் நிற்கும் வண்டி. ஐரோப்பாவில் பணம் படைத்தவர்கள் மாற்றுவது ஆசைக்காக. அந்த ஆசையை விற்பது அங்கே ஒரு வியாபாரம். மன்னாரில் அந்த வாடிக்கையாளர் எத்தனை பேர்?

இன்னும் ஒன்று. 2022இல் பெற்றோல் மட்டுமா இல்லாமல் போனது? மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டும் இருந்தது. மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடிகள், 103.5 மெகாவோட் திறன். ஆனால் அந்த மின்சாரம் தேசிய மின்கட்டமைப்புக்குப் போகிறது. நம் கரையில் காற்றாடி சுற்றுகிறது என்பதற்காக நம் வீட்டுப் பிளக்கில் மின்சாரம் இருக்கும் என்று எண்ணக் கூடாது. கூரையில் சூரியத் தகடு உள்ள கடைக்காரருக்கு, பகலில் வண்டி கடையிலேயே நிற்குமானால், கணக்கு இன்னும் இலாபமாக மாறும்.

கீரியில் கேட்ட கேள்வி

கொப்பியோடு மருமகனையும் கூட்டிக்கொண்டு கீரிக்குப் போனேன். சம்மாட்டியாரும் இப்போது இல்லை, மகன்தான் தொழில் செய்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நானா, காரை விடுங்க. என்ர போட் எஞ்சினை இப்பிடி மாத்தித் தரேலுமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மீனவரின் வெளியிணைப்பு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியபோது கரையில் ஏறிய வள்ளங்கள் எத்தனை! மருமகன் அங்கேயே மணலில் கணக்குப் போட்டான். 15 குதிரை வலு எஞ்சின் சுமார் 11 கிலோவோட். முழு வேகத்தில் மூன்று மணி நேரம் என்றால் 33 யூனிட். 24 யூனிட் லீப் பற்றரி புதிதாக இருந்தாலும் ஒன்று போதாது. நடுக்கடலில் சார்ஜ் முடிந்தால் காரைப்போலத் தள்ளிக்கொண்டு வர முடியாது. "இப்ப ஏலாது அண்ணன்" என்று நேராகச் சொன்னான். ஆசை காட்டாமல் அவன் உண்மையைச் சொன்ன அந்த இடத்தில்தான் அவனுக்குப் பங்கு கொடுக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

எடுத்த முடிவு

25 இலட்சம் கேட்டவனுக்கு இப்போது 10 இலட்சம். இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு, எழுத்தில் ஒப்பந்தம். கராஜின் முதல் வேலை லீப், ஹைபிரிட் பற்றரிகளைச் சோதித்துத் திருத்துவது. ஏனென்றால் அதற்கு வாடிக்கையாளர் இன்றே இருக்கிறார்கள். நான் ஏமாந்த பற்றரியையும் அவன் திறந்து, நல்ல பெட்டிகளைத் தனியே பிரித்துவிட்டான். கடையின் இரவு வெளிச்சத்துக்கும் பில் போடும் கணினிக்கும் அவை போதும். இரண்டாவதாக, அதிகம் ஓடும் முச்சக்கரவண்டிகள்.

அதற்கு முன் அனுமதி. வண்டியின் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவற்றை மாற்றினால் வண்டி ஒன்று, புத்தகம் இன்னொன்று என்றாகிவிடும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் என்ன பதில் சொல்வது? முதலில் விண்ணப்பம், பிறகுதான் ஸ்பானர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம். உம்மா காப்பாற்றிய புத்தகத்தின் அருமை இதுதான். அது இல்லாவிட்டால் எங்கள் மொரிஸ் வெறும் பழைய இரும்பு.

மொரிஸ் என்ன ஆனது? அதன் எஞ்சினைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன், பெற்றோலுக்கே. மருமகனுக்கு முதலில் முகம் வாடியது. "கராஜ் தன் சொந்தக் காலில் நின்று, நல்ல பற்றரி மலிவாகக் கிடைக்கும் நாளில் மாற்றுவோம். அன்றைக்கும் உடம்பில் ஒரு துளைகூடப் போடாமல், வேண்டுமானால் பழைய எஞ்சினைத் திரும்பப் பூட்டக்கூடிய மாதிரிச் செய்ய வேண்டும்" என்றேன். சம்மதித்தான்.

சம்மாட்டியார் வீட்டுக்கு இத்தனை வருடக் கொட்டில் வாடகை என்று ஒரு தொகை கொடுக்கப் பார்த்தேன். மகன் வாங்க மறுத்துவிட்டார். "ஓடத் தொடங்கினா முதல் ஓட்டம் கீரிக்கு வாங்க நானா, அது போதும்" என்றார். இன்ஷா அல்லாஹ், அந்தக் கடனை அடைக்க வேண்டும்.

உங்கள் முற்றத்திலும் ஒரு பழைய வண்டி நிற்கிறதா? புதிய தொழில் என்று யாராவது உங்களிடமும் பங்கு கேட்கிறார்களா? மூன்றே விடயங்களைக் கேளுங்கள். வண்டி நாளொன்றுக்கு எத்தனை கிலோ மீற்றர் ஓடுகிறது? பற்றரியை அளந்தவர் யார்? புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணப்பெட்டியைத் திறங்கள். நான் முதலில் திறந்துவிட்டுப் பிறகு கேட்டவன். அதன் விலை நான்கு இலட்சம் ரூபா.